'அரபு' என்று எழுதுவதற்கு முன்: உலகச் செய்தி எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் இணைய இதழ்களிலும் உலகச் செய்திகளைத் தமிழில் எழுதித் தரும் ஆசிரியர்களுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் என் பேத்தி ஒரு பொது அறிவுப் போட்டிக்குப் போய்விட்டு அழுத முகத்தோடு வந்தாள். "ஈரான் மக்கள் அதிகம் பேசும் மொழி எது?" என்று கேட்டிருக்கிறார்கள். பாரசீகம் என்று எழுதியிருக்கிறாள். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் சிவப்பு மையில் 'அரபு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திருத்தியவரைத் தேடிப் போய்ப் பேசினேன். நல்ல மனிதர், கோபப்படவில்லை. மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்திலேயே 'அரபு நாடான ஈரான்' என்று அச்சாகியிருந்தது. "பேப்பர்லயே போட்டிருக்காங்களே சார்" என்றார். அதற்கு மேல் அவரிடம் எனக்கு என்ன வழக்கு? வழக்கு உங்களிடம்தான். அதனால்தான் இந்த மடல்.

நான் பத்திரிகைக்காரன் இல்லை, மொழி ஆராய்ச்சி செய்தவனும் இல்லை. 1994 முதல் 2011 வரை சவூதி அரேபியாவின் தம்மாமில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதியவன். அரபு எழுதப் படிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பிய பிறகும் அந்த மொழியை விடவில்லை. அதன் பழைய வரலாற்றைத் தேடித் தேடிப் படிப்பதுதான் ஓய்வுக் காலத்தில் என் வேலை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

வளைகுடாவுக்குப் போகும் நம் ஆட்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் சொல் 'அரபி'. அரபி என்றால் முதலாளி. "எங்க அரபி நல்லவன்", "அரபி வீட்டுல டிரைவர் வேலை", "அரபி சம்பளம் போடல" என்றுதான் பேசுவார்கள். கொஞ்ச நாளில் காது பழகிவிடும். எகிப்துக்காரர் மிஸ்ரி, ஏமன்காரர் யமனி, சிரியாக்காரர் சூரி, அப்புறம் சூடானி, பலஸ்தீனி. இவர்கள் எல்லோரும் அரபு பேசுகிறவர்கள்தான். ஆனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பேச்சும் உடையும் சாப்பாடும் கோபமும் வேறு என்பது லாரி ஓட்டும் நம் தம்பிக்கு ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். செய்தி எழுதும் மேசைக்கு மட்டும் ஏன் எல்லோரும் ஒரே நிறத்தில் தெரிகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

எங்கள் அலுவலகத்தில் என்னோடு மூன்று பேர் நெருக்கம். ஒருவர் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர், மணிக்கட்டில் சிறிய சிலுவைப் பச்சை குத்தியிருப்பார். இன்னொருவர் பெத்லகேமைப் பூர்வீகமாகக் கொண்ட பலஸ்தீனக் கிறிஸ்தவர். மூன்றாமவர் சூடான்காரர், கிடங்குப் பொறுப்பாளர், ஐந்து வேளையும் தொழுகிற முஸ்லிம். ஒருநாள் தேநீர் நேரத்தில் விளையாட்டாகத்தான் கேட்டேன்: "நீங்கள் மூன்று பேரும் அரபுகளா?"

எகிப்தியர் சொன்னார்: "நான் மிஸ்ரி. அரபு என் தாய்மொழி. ஆனால் அரபுகள் எங்கள் நாட்டுக்கு வருவதற்கு முன்பே இருந்த மக்கள் நாங்கள்." பலஸ்தீனியருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னைவிட அரபு யார் இருக்கிறார்கள்? இஸ்லாம் வருவதற்கு முன்பே அரபு பேசிய கிறிஸ்தவர்களின் வழியில் வந்தவன் நான்" என்றார். சூடான்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தொழுகை அரபியில். படிப்பும் அரபியில். வீட்டில் மஸாலித் மொழி. எங்கள் ஊரில் அரபு என்றால் ஒட்டகம் மேய்த்துக்கொண்டு வருகிறவர்."

மூன்று பேர் சொன்னதும் மூன்று விதம். முப்பது வருடம் கழித்தும் என் காதில் அதிகம் ஒலிப்பது கடைசி ஆள் சொன்னதுதான். ஏனென்றால் அந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள் அதுவாகத்தான் இருந்திருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது.

கி.மு. 853. இன்றைய சிரியாவில், ஓரொண்டஸ் ஆற்றங்கரையில், கர்கர் என்ற இடத்தில் ஒரு போர். அசீரியப் பேரரசன் மூன்றாம் ஷல்மனேசரை எதிர்த்துப் பல அரசர்கள் கூட்டுச் சேர்ந்து நின்றார்கள். யார் யார் எவ்வளவு படை கொண்டுவந்தார்கள் என்று அந்த அசீரியன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். டமாஸ்கஸ் அரசன் 1200 தேர்களோடு வருகிறான். இஸ்ரேலின் ஆகாப் 2000 தேர்களோடு வருகிறான். அந்த வரிசையில் 'அரபுக்காரன் கிந்திபு, 1000 ஒட்டகங்கள்' என்று ஒரு வரி. மற்றவர்கள் தேர் கொண்டுவந்த இடத்தில் இவன் ஒட்டகம் கொண்டுவந்திருக்கிறான். இந்தப் பெயர் எழுத்தில் கிடைக்கும் முதல் இடம் இதுதான். இன்றைய துருக்கியில் உள்ள குர்க் என்ற இடத்தில் 1861இல் கிடைத்த அந்தக் கல் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இஸ்லாம் தோன்றுவதற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தைய பதிவு. அரபு என்றாலே முஸ்லிம் என்று எழுதுகிற கை ஒரு நிமிடம் இந்தக் கல்லை நினைத்தால் போதும்.

அதற்குப் பிறகு வந்த அசீரிய அரசர்களின் பதிவுகளில் அரபுகளின் அரசிகள்கூட வருகிறார்கள். மூன்றாம் திக்லத் பிலேசருக்குத் திறை கொடுத்தவர்களில் ஜபீபே என்ற அரசி ஒருத்தி. அவளுக்குப் பின் சம்சி என்று இன்னொருத்தி. இதைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

சரி, சொல்லுக்கு வருகிறேன். அய்ன், ரா, பா என்ற மூன்று மெய்கள்தான் வேர். இதே வேர் அரபும் எபிரேயமும் சேர்ந்த செமித்திய மொழிக் குடும்பம் முழுக்கக் கிளை விட்டிருக்கிறது. எபிரேயத்தில் 'அரபா' என்றால் வறண்ட சமவெளி. 'எரெவ்' என்றால் மாலைப் பொழுது. பழைய அக்காதிய மொழியில் 'எரேபு' என்றால் உள்ளே போவது, சூரியன் அடைவது. இதனால் பாலை நிலத்துக்காரர் என்பார் சிலர். மெசொப்பொத்தாமியாவிலிருந்து பார்த்தால் சூரியன் மறையும் திசையில் இருப்பவர், அதாவது மேற்கத்தியார் என்பார் வேறு சிலர். கலப்பு என்ற பொருளிலிருந்து வந்தது என்போரும் உண்டு. அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. பழைய கல்வெட்டுகளில் அந்தப் பெயர் வரும் இடங்களை வைத்துப் பார்த்தால், வேரின் பொருள் எதுவானாலும், ஊரில் நிலைத்து வாழ்ந்தவர்கள் வெளியே ஒட்டகத்தோடு திரிந்தவர்களைக் குறித்த சொல் என்றே எனக்குப் படுகிறது.

அரபு இலக்கண ஆசிரியர்கள் வேறு வழியில் போனார்கள். 'அஃரப' என்றால் மனத்தில் இருப்பதைத் தெளிவாக வெளியே சொல்வது. மதரசாவில் ஓதிய பிள்ளைகளுக்கு 'இஃராப்' என்ற இலக்கணச் சொல் தெரிந்திருக்கும். சொல்லின் கடைசி ஒலி வாக்கியத்தில் மாறும் முறைக்கு அந்தப் பெயர். அரபு என்பவன் தெளிவாகப் பேசுகிறவன். பேச்சு விளங்காதவன் 'அஜமி'. நாளடைவில் பாரசீகர்களுக்கே அஜம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஈரானியரை அரபு என்று நீங்கள் எழுதும்போது, அரபு மொழியே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யாரை வேற்றாள் என்று தனியே பெயரிட்டு அழைத்ததோ அவர்களையே அரபு ஆக்கிவிடுகிறீர்கள்.

ஏமனின் கதை இன்னும் சுவையானது. 5ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட ஹிம்யர் அரசர்கள் தங்கள் பட்டத்தைக் கல்லில் நீளமாக வெட்டிக்கொள்வார்கள். சபா, தூ ரைதான், ஹள்ரமவ்த், யமனத் ஆகியவற்றின் அரசன், மேட்டு நிலத்திலும் கரையோரத்திலும் உள்ள தங்கள் அரபுகளுக்கும் அரசன் என்று அது போகும். கவனியுங்கள், 'தங்கள் அரபுகள்'. அரசன் தன்னை அரபு என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆட்சிக்கு அடங்கிய நாடோடிக் குடிகளைத்தான் அப்படிச் சொல்கிறான். அவன் மொழியும் அரபு இல்லை, அதற்கு உறவான தென் அரேபிய மொழி. இன்று ஒரு ஏமன்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அரபு இனத்தின் மூல வேரே நாங்கள்தான், கஹ்தான் என்ற மூதாதையின் வழி நாங்கள்தான் என்பார். இரண்டும் உண்மை. இடையில் அந்தச் சொல் வளர்ந்திருக்கிறது, மக்களும் அதற்குள் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

வடக்கே வேறு விதம். சிரியாவின் தெற்குப் பாலையில் நமாரா என்ற இடத்தில் கிடைத்த கருங்கல் ஒன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 328ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எழுத்து நபத்தேய எழுத்து, மொழி அரபு. அம்ருவின் மகன் இம்ருல் கைஸ், 'எல்லா அரபுகளின் அரசன்' என்கிறது அது. மற்றவர்கள் வைத்த பெயரை ஒருவன் தன் பட்டமாக எடுத்துக்கொண்டது தெரிகிற இடம் என்பதால் அந்தக் கல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே, 248இல், ரோம் நகரத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவை நடத்திய பேரரசர் பிலிப், சிரியாவின் ஷஹ்பாவில் பிறந்தவர். வரலாற்றில் அவர் பெயரே 'அரபு பிலிப்'தான்.

குர்ஆனில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். 'அரபி' என்ற உரிச்சொல் 11 இடங்களில் வருகிறது. ஏறக்குறைய எல்லா இடத்திலும் வேதத்தின் மொழியைப் பற்றிய பேச்சு அது. 'அஃராப்' என்ற சொல் 10 இடங்களில் வருகிறது. அது பாலைவன நாடோடிகளைக் குறிக்கும். அவர்களைக் கண்டிக்கும் வசனங்கள் உண்டு, அவர்களில் நல்லவர்களைப் பாராட்டும் வசனமும் உண்டு. 'அரப்' என்று ஓர் இனத்தின் பெயராக மட்டும் அது எங்கேயும் வரவில்லை. மொழி ஒரு சொல்லில், நாடோடி இன்னொரு சொல்லில். இனப் பெயர் பின்னால்தான் உறுதிப்படுகிறது. பேரரசு விரிந்து, பாரசீகரும் காப்டுகளும் பெர்பர்களும் பக்கத்தில் வந்து நின்ற பிறகு, 'நாங்கள் யார்' என்ற கேள்விக்குப் பதிலாக வம்சாவளிகள் எழுதப்பட்டன.

பழைய பொருளும் சாகவில்லை. துனிஸில் பிறந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய முகத்திமா என்ற நூலில், அரபுகள் கைப்பற்றிய நாடு விரைவில் பாழாகும் என்ற கருத்தில் ஓர் இயல் இருக்கிறது. அதை மட்டும் பிய்த்து எடுத்து, அரபு அறிஞரே அரபுகளைத் திட்டியிருக்கிறார் என்று பலர் எழுதிவிட்டார்கள். அவர் பல இடங்களில் அந்தச் சொல்லை வைப்பது நாடோடிக் கூட்டங்களுக்கு. தன் குடும்பம் ஹள்ரமவ்த் அரபு வழி என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர்தான் அவர். ஒரு சொல் எந்த நூற்றாண்டில், யார் வாயில் என்று பார்க்காமல் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்று நாம் செய்தியில் சொல்லும் அரபு உண்மையில் இளைய பொருள். 19ஆம் நூற்றாண்டில் பெய்ரூட், கெய்ரோ போன்ற நகரங்களில் அச்சுக்கூடமும் பத்திரிகையும் பள்ளியும் பரவியபோது, ஒட்டோமான் ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்கள் மதத்தால் பிரிந்திருந்த தங்களை மொழியால் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் புத்ருஸ் அல் புஸ்தானி, லெபனான் கிறிஸ்தவர். அரபுக்குப் பெரிய அகராதி தொகுத்தார், கலைக்களஞ்சியம் தொடங்கினார். பின்னால் அரபு தேசியம் பேசிய பாத் கட்சியைத் தொடங்கியவர்களில் மிஷெல் அஃப்லக்கும் கிறிஸ்தவர்தான். மொழியால் ஒன்று என்ற அந்த எண்ணத்தின் அரசியல் வடிவம்தான் 1945 மார்ச்சில் கெய்ரோவில் பிறந்த அரபு லீக். இன்று அதில் 22 உறுப்பு நாடுகள். சோமாலியாவும் ஜிபூட்டியும் கொமொரோஸ் தீவுகளும்கூட அதில் உண்டு. ஈரான் இல்லை, துருக்கி இல்லை, ஆப்கானிஸ்தான் இல்லை, பாகிஸ்தான் இல்லை.

பாரசீகம் நம் வடமொழிக்கு உறவு மொழி. அம்மா அங்கே 'மாதர்', சகோதரன் 'பராதர்'. அரபில் அம்மா 'உம்மு', சகோதரன் 'அஃக்'. பாரசீகர்கள் அரபு எழுத்தை எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத நான்கு ஒலிகளுக்குப் புது எழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். எழுத்து ஒன்றாக இருப்பதால் மொழி ஒன்றாகிவிடாது என்று தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் நம் முன்னோர் அரபு எழுத்தில் கூடுதல் குறிகள் சேர்த்துத் தமிழை எழுதினார்கள். அரபுத் தமிழ் என்றும் அர்வி என்றும் அதற்குப் பெயர். எழுத்தைப் பார்த்துவிட்டு அதை அரபு மொழி என்று யாராவது சொன்னால் நாம் விடுவோமா?

மதக் கணக்கையும் பார்ப்போம். உலகத்தில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 200 கோடிப் பேர். அவர்களில் அரபுகள் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் வருவார்கள். அதிக முஸ்லிம்கள் வாழும் நாடு இந்தோனேசியா. அதன் மொழியும் மக்களும் வேறு. மறுபக்கம், லெபனானிலும் சிரியாவிலும் பலஸ்தீனத்திலும் ஜோர்டானிலும் வீட்டிலும் ஆலயத்திலும் அரபில் பேசி அரபில் செபிக்கும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் கடவுளை 'அல்லாஹ்' என்றுதான் அழைப்பார்கள். என் பலஸ்தீன நண்பர் கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் பாடிய பாட்டு முழுவதும் அரபு.

இந்தக் குழப்பம் வெறும் ஏட்டுக் குழப்பமாக நின்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2008 அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் மின்னசோட்டாவில் ஒரு கூட்டம். ஒரு பெண் எழுந்து, ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஓர் அரபு என்றார். ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிட்ட ஜான் மெக்கெய்ன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, இல்லையம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர் என்ற கருத்தில் பதில் சொன்னார். எதிராளிக்காகப் பேசிய பெருந்தன்மை என்று பலர் பாராட்டினார்கள். அதில் பெருந்தன்மை இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அரபு என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்லாகக் கண்ணியமான குடும்பஸ்தர் என்பது வந்து விழுந்ததே! தம்மாமில் இருந்த என் பலஸ்தீன நண்பர் அன்று மாலை முழுவதும் பேசவில்லை. மூன்று பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த குடும்பஸ்தர் அவர். அதற்கு ஏழு வருடம் முன்பு, 2001 செப்டம்பர் 15 அன்று, அரிசோனாவில் தன் பெட்ரோல் நிலையத்தின் வாசலில் ஒரு சீக்கியர் சுட்டுக் கொல்லப்பட்டார். தாடியும் தலைப்பாகையும் சுட்டவனுக்குப் போதுமாக இருந்தன. பஞ்சாபில் பிறந்த நம் நாட்டவர் அவர். அரபு, முஸ்லிம், தலைப்பாகை, பயங்கரம் என்று நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்த செய்திகளின் ஊரில் அது நடந்தது.

நம் செய்திகளில் அந்த மூட்டை இல்லை என்று சொல்ல முடியுமா? 'அரபு பாணித் தண்டனை' என்று தலைப்பு வைக்கிறோம். பயங்கரவாதச் செய்திக்கு, சம்பந்தமே இல்லாத ஊரில், வெள்ளை அங்கி போட்ட யாரோ ஒருவரின் படத்தை ஒட்டுகிறோம். படத்தில் இருப்பவர் மாவு மண்டிக்காரராக இருக்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரபு நாடு என்று எழுதிய மறுகணம் அந்த நாட்டில் இருக்கும் மற்றவர்கள் காணாமல் போகிறார்கள். சிரியா 1961 முதல் பெயரிலேயே 'சிரிய அரபுக் குடியரசு'. அடுத்த ஆண்டு ஹசக்கா மாகாணத்தில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,20,000 குர்துகள் குடியுரிமை இழந்தார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள்தான். அரபு இல்லை, அவ்வளவுதான். மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் தங்களை அமாசிக் என்று அழைத்துக்கொள்ளும் பெர்பர் மக்கள் தங்கள் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி வாங்க 2011, 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 2011ஐத்தான் உலகம் 'அரபு வசந்தம்' என்று எழுதியது, நாமும் அப்படியே எழுதினோம். தெருவில் நின்ற அமாசிக் இளைஞர்களுக்கும் அந்தப் பெயரில் இடம் இருந்ததா என்று அப்போது நானும் யோசிக்கவில்லை.

இப்போது என் சூடான் நண்பரிடம் திரும்ப வருகிறேன். அவர் ஊர் மேற்கு டார்ஃபூரின் அல் ஜுனைனா. 2003இல் டார்ஃபூர் எரியத் தொடங்கியபோது அவர் தம்மாமில் எங்களோடு இருந்தார். குதிரையிலும் ஒட்டகத்திலும் வந்த ஆயுதக் குழுக்கள் ஃபூர், மஸாலித், ஸகாவா மக்களின் ஊர்களைக் கொளுத்தின. வந்தவர்கள் தங்களை அரபு என்று சொல்லிக்கொண்டவர்கள். கொளுத்தப்பட்டவர்கள் அரபு அல்லாதவர்கள். இரண்டு பக்கமும் முஸ்லிம்கள், இரண்டு பக்கமும் கறுப்பு நிறத்தவர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முகத்தை வைத்து வித்தியாசம் சொல்வது கடினம். வம்சமும் மேய்ச்சலும் நிலமும் தண்ணீரும் அரசு கொடுத்த துப்பாக்கியும் சேர்ந்து போட்ட கோடு அது. நம் இதழ்கள் சில அதை மதக் கலவரம் என்று எழுதின. அவர் என்னிடம் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "இரு பக்கமும் ஒரே கிப்லாவைப் பார்த்துத் தொழுகிறோம் என்று உன் ஊர்ப் பத்திரிகைக்கு எழுது" என்றார். அன்று நான் எழுதவில்லை. இருபது வருடம் கழித்து, 2023இல், அதே அல் ஜுனைனாவில் மஸாலித் மக்கள் மறுபடியும் வேட்டையாடப்பட்டார்கள். அவர் தம்பி குடும்பம் எல்லை தாண்டிச் சாடு நாட்டுக்கு நடந்து போனது. எழுதாமல் விட்ட அந்தக் கடிதத்தை இதோடு சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கிந்திபுவின் ஆயிரம் ஒட்டகம் அந்தக் கல்லில் இருக்கிறது. ஒட்டகத்தோடு வருகிறவரை அரபு என்று சொல்லும் அல் ஜுனைனாவின் வழக்கு இன்றும் இருக்கிறது. நடுவில் கவிதையும் இலக்கணமும் வேதமும் பேரரசும் அச்சுக்கூடமும் வந்து அதே சொல்லில் ஏறிக்கொண்டன. அதனால்தான் ஒரே சொல் எகிப்தியரை விலக்கி நிற்க வைக்கிறது, பலஸ்தீனியரை நெஞ்சு நிமிர்த்த வைக்கிறது, மஸாலித்தை ஓட வைக்கிறது.

நம் கரையிலும் இந்தச் சொல் சும்மா இருக்கவில்லை. பழந்தமிழ் வழக்கில் கடல் கடந்து வந்த அரபுகளுக்குச் சோனகர் என்று பெயர், யவனர் என்பதன் வழி வந்தது. அவர்கள் நம் கிழக்குக் கரையை 'மஅபர்' என்றார்கள், கடக்கும் துறை என்று பொருள். இலங்கையில் அந்தச் சொல் அரசியலே ஆனது. 1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், அங்குள்ள முஸ்லிம்களான சோனகர்கள் இனத்தால் தமிழர்களே என்று ஒரு கட்டுரை படித்தார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து, தங்கள் அரபு மூலத்தை நிறுவ ஒரு நூல் எழுதினார். சட்டசபையில் யார் யாரைப் பிரதிநிதிப்படுத்துவது என்ற கேள்வி பின்னால் இருந்தது. தமிழ் பேசும் ஒரு சமூகம் தன்னை எப்படி அழைத்துக்கொள்வது என்பதை அடுத்தவர் முடிவு செய்ய வந்ததால் விழுந்த காயம் அது. இந்தப் பக்கத்தில் இருக்கும் நாம் அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று. 1, 2, 3 என்று நாம் எழுதுவதை அரபு எண்கள் என்கிறோம். அரபுகள் தங்கள் தாளில் எழுதும் எண்களுக்கு வைத்த பெயர் 'இந்திய எண்கள்'. தம்மாமில் கணக்கேடு எழுதிய நாளெல்லாம் இது என் மனத்தில் இருக்கும். நீங்கள் அன்றாடம் எழுதும் வசூல், பாக்கி, நகல், ரத்து, ஜாமீன், வக்கீல் எல்லாம் அந்த மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியே வந்தவைதான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஈரான், துருக்கி, ஆப்கானிஸ்தான் செய்திகளில் அரபு என்ற சொல் தானாக வந்து விழுந்தால் அதை எடுத்துவிடுங்கள். அந்த வட்டாரம் முழுவதையும் சொல்ல வேண்டுமானால் மேற்கு ஆசியா என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. நம் ஆட்கள் வேலைக்குப் போகும் ஆறு நாடுகளைச் சொல்லும்போது வளைகுடா நாடுகள் என்றால் போதும். மதத்தைப் பற்றி எழுதும்போது முஸ்லிம் என்று எழுதுங்கள், மொழி, பண்பாடு, அடையாளம் பற்றி எழுதும்போது மட்டும் அரபு. அரேபியா என்பது ஒரு தீபகற்பத்தின் பெயர். அட்லாண்டிக் கரையில் இருக்கும் மொராக்கோக்காரரை அரேபியர் என்று எழுதினால் அவர் தன்னைத் தேடி ஆயிரக்கணக்கான மைல் நடக்க வேண்டியிருக்கும். அரபு என்றே எழுதலாம், அவர் அப்படித் தன்னைச் சொல்லிக்கொண்டால். இப்னு சீனாவையும் அல் பீரூனியையும் அரபு விஞ்ஞானிகள் என்று எழுதுகிறீர்கள். இருவரும் நடு ஆசியாவில் பிறந்தவர்கள், அரபில் எழுதினார்கள். அரபு இலக்கணத்தின் தலைமகன் சீபவைஹியே பாரசீகர். 'அரபு மொழியில் எழுதிய அறிஞர்' என்று இரண்டு சொல் கூடுதலாகப் போட்டால் வேலை முடிந்தது. அல் கிந்தி மட்டும் கிந்தா என்ற அரபுக் குலத்தவர், அவரை அரபு மெய்யியலாளர் என்றே எழுதுங்கள். ஒருவரைப் பேட்டி எடுத்தால், நீங்கள் உங்களை எப்படிச் சொல்லிக்கொள்வீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். என் தேநீர் மேசையில் நான் விளையாட்டாகக் கேட்டதை நீங்கள் அக்கறையாகக் கேளுங்கள்.

நேரமும் ஆட்களும் இல்லாமல், நள்ளிரவில் வரும் செய்தியை அரை மணி நேரத்தில் தமிழாக்கி அனுப்புகிற உங்கள் வேலையின் கடினம் எனக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள், எந்த நேரமானாலும் பதில் அனுப்புகிறேன்.

கடைசியாக, அந்த முதல் பக்க வரிக்கு உங்களில் ஒருவர் பொறுப்பு. யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. உள்பக்கத்தில், சின்ன எழுத்தில் ஆனாலும் சரி, 'ஈரான் அரபு நாடு அல்ல, அங்கே பெரும்பான்மையோர் பேசுவது பாரசீகம்' என்று ஒரு திருத்தம் போடுங்கள். அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, என் பேத்தியையும் கூட்டிக்கொண்டு, அந்தப் போட்டி நடத்தியவரிடம் போய்வர வேண்டும்.

அன்புடன்,
தம்மாமில் கணக்கு எழுதிய ஒரு வாசகன்
இராமநாதபுரம் மாவட்டம்